வசனக் கணக்க ஒருங்கமை சமன்பாடாக்கித் தீர்க்கிறது: முதல் வாசிப்பிலருந்து கடைசி வரி வரைக்கும்

பலகையில 3ழ + 2ண = 2900, ழ + 4ண = 2300 எண்டு எழுதிப்போட்டா எங்கட பின்னேர வகுப்புப் புள்ளைகள்ல முக்கால்வாசிப் பேர் அஞ்சு நிமிசத்தில விடையோட நிப்பாங்க. அதே கணக்க, "3 பெரிய சட்டித் தயிரும் 2 சின்னச் சட்டியும் 2,900 ரூபா, 1 பெரிய சட்டியும் 4 சின்னச் சட்டியும் 2,300 ரூபா, ஒவ்வொரு சட்டியும் என்ன விலை" எண்டு குடுத்தா பேனை அப்பிடியே நிண்டுரும். ரெண்டும் ஒரே கணக்குத்தான். இப்பிடிச் சேர்ந்து வாற ரெண்டு சமன்பாட்டத்தான் ஒருங்கமை சமன்பாடு எண்டுறது. ழ, ண எண்டது எக்ஸ், வைக்குப் பதிலா நான் போடுற எழுத்து, ஏனெண்டு படி 4இல வரும்.

மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் தரம் 10, 11 புள்ளைகளோட கொஞ்சக் காலமா மல்லுக்கட்டினதில நான் கண்டது, தீர்க்கத் தெரியாம விழுறவங்க கொஞ்சப்பேர், தீர்க்கிறதுக்கு முந்தின நாலு வரிய ஒழுங்கு மாத்தி எழுதி விழுறவங்கதான் கூட. அதனால இஞ்ச அந்த முன் பகுதியத்தான் இழுத்து எழுதியிருக்கன், தீர்க்கிற பகுதி சுருக்கமா வரும்.

1. தொடங்க முன்னம் கைக்கு வரவேண்டியது

அடைப்புக்குறி நீக்கிறது, சய எண் (கழித்தல் குறியோட வாற எண்ணு) கூட்டல் கழித்தல், ஒரு தெரியாக் கணியம் (பெறுமதி தெரியாத எழுத்து) உள்ள சமன்பாடு, நிமிசத்த மணித்தியாலமா மாத்திறது. இந்த நாலும் தடங்கலில்லாம வரணும். வரல்லயெண்டா வசனக் கணக்கு பக்கமே போகாதீங்க, ஏனெண்டா பிழை எங்க வந்ததெண்டு கண்டுபுடிக்க ஏலாம வசனத்தில பழியப் போடுவீங்க.

சோதிச்சுப் பாக்க ஒரே ஒரு கணக்கு காணும்: 7 − (2ழ − 3) = 4. விடை 3 வந்தா மேல போகலாம். 0 வந்திச்செண்டா அடைப்புக்குறிக்கு முன்னால நிண்ட கழித்தல் குறி உள்ளுக்கிருந்த −3 ஐ +3 ஆக்கல்ல, ரெண்டு நாள் அதையே செய்யுங்க.

ஒரு சி.ஆர் கொப்பி, பென்சில், அழிறப்பர். பேனையால எழுதினா முதல் எழுதின பிழையான சமன்பாட்ட வெட்ட மனசு வராம அதையே இழுத்துக்கிட்டுப் போறாங்க, நான் பாத்திருக்கன்.

2. ரெண்டு தரம் வாசிங்க, பென்சிலத் தொடாம

முதல் தரம் கதை விளங்கிறதுக்கு. ஆர் என்ன வாங்கினாங்க, எங்க போனாங்க எண்டு. எண்ணுகளக் கவனிக்கவே வேணாம். ரெண்டாம் தரம் எண்ணுகளோட.

புதுசா வாறவங்க செய்யிறது இதுக்கு எதிர்மாறு. 3, 2, 2900 எண்டு எண்ணப் பொறுக்கி எடுத்து வரிசையா வச்சுட்டு அதுகளுக்கு நடுவில கூட்டலா கழித்தலா எண்டு யோசிக்கிறாங்க. கதைய விட்டுட்டு எண்ண மட்டும் பொறுக்கினா எந்த எண்ணு எதோட சேருது எண்டது போயிரும், மறுகா எவ்வளவு நேரம் பாத்தாலும் அது திரும்பி வராது.

3. கடைசி வரிய முதல்ல கொப்பியில எழுதுங்க

என்ன கேட்டிருக்கு? ஒவ்வொரு சட்டியிட விலையா, 5 பெரிய சட்டியும் 1 சின்னச் சட்டியும் சேர்ந்த விலையா? அத கொப்பியிட மேல்ப்பக்கம் எழுதி ஒரு வட்டம் போட்டிருங்க.

இது என்ட சொந்த வயித்தெரிச்சல். நான் படிக்கிற காலத்தில ஒரு தவணைப் பரீட்சையில இப்பிடித்தான், ரெண்டு தெரியாக் கணியத்தையும் சரியாக் கண்டுபுடிச்சு, சரியெண்டு செக்கும் பண்ணி, கீழ ரெட்டைக் கோடும் போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போயிட்டன். கேட்டது அதுவல்ல, அதுகள வச்சு இன்னொண்டு. கேள்வியிட கடைசி வரி சுத்தமா அயத்துப்போச்சு. அந்த ரெண்டு புள்ளிய இண்டைக்கும் மறக்கல்ல.

4. எழுத்துக்கு என்ன பொருள் எண்டு முழு வசனமா எழுதுங்க

இந்தப் படியிலதான் கூடப்பேர் விழுறாங்க, அதனால கொஞ்சம் மெதுவாப் போவம்.

"ழ = பெரிய சட்டி" எண்டு எழுதினா பிழை. "ஒரு பெரிய சட்டித் தயிரிட விலை ரூபாவில ழ" எண்டு எழுதணும். ரெண்டும் ஒண்டு மாதிரித் தெரியும், ஆனா முதலாவதில ழ எண்டது ஒரு பொருள், ரெண்டாவதில ழ எண்டது ஒரு எண்ணு. சட்டிய 3 ஆல பெருக்கி 2900 ரூபாவுக்குச் சமனாக்க ஏலாது, விலைய ஏலும்.

நீங்க கொப்பியில எக்ஸ், வை எண்டு எழுதுவீங்க. நான் வகுப்பில முதல் ரெண்டு கிழமைக்கு ழ, ண எண்டுதான் எழுதவைக்கிறன், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. முந்தி தயிருக்கு த, மாம்பழத்துக்கு மா எண்டு எழுதவிட்டன், லேசா இருக்குமெண்டு நினைச்சு. அது பெரிய பிழையாப் போச்சு. 3த எண்டா "மூண்டு தயிர்" எண்டு வாசிச்சாங்க, "மூண்டு தடவை தயிரிட விலை" எண்டு வாசிக்கல்ல. தமிழ்ல ழவிலயும் ணவிலயும் ஒரு சொல்லும் தொடங்காது, அதனால அது எந்தப் பொருளிட சுருக்கமும் இல்ல, ஆராலயும் அப்பிடி வாசிக்க ஏலாது.

ஒரு பொடியன் கேட்டான், "சேர், அப்ப ழவுக்குப் பக்கத்தில ரூபா எண்டு எழுதவா?" எண்டு. வேணாம் தம்பி, "ரூபாவில" எண்டு வரையறையிலயே சொல்லிட்டீங்க, சமன்பாட்டுக்குள்ள திரும்ப எழுதினா அதுவும் ஒரு எழுத்து மாதிரி நிண்டு குழப்பும்.

இன்னொண்டு. எத்தின தெரியாக் கணியம் இருக்கோ அத்தின தனித்தனிச் சமன்பாடு வேணும். ரெண்டு எழுத்து வச்சா கதையில ரெண்டு வெவ்வேற தகவல் இருக்கணும். மூண்டாவது எழுத்து வைக்கத் தோணினா நில்லுங்க, அனேகமா அது மத்த ரெண்டையும் வச்சு எழுதக்கூடியதாத்தான் இருக்கும்.

5. ஒரு வசனத்துக்கு ஒரு சமன்பாடு

கேள்வியில முற்றுப்புள்ளி, கமா வாற இடத்தப் பாத்து வெட்டிப் பிரிங்க. தயிர்க் கணக்கில ரெண்டு துண்டு: முதல் ஆள் வாங்கினது, ரெண்டாவது ஆள் வாங்கினது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சமன்பாடு, எழுதின உடன பக்கத்தில ① ② எண்டு இலக்கம் போடுங்க. இலக்கம் போடாட்டி மறுகா "மேல உள்ளத்திலருந்து கீழ உள்ளதக் கழிச்சு" எண்டு எழுதுவீங்க, திருத்திறவருக்கு எது மேல எது கீழ எண்டு விளங்காது.

3ழ + 2ண = 2900 — ①
ழ + 4ண = 2300 — ②

சமன்பாட்ட சரியா எழுதினதுக்கே புள்ளி இருக்கு. பின்னால கூட்டல் கழித்தல்ல பிழைச்சாலும் இந்தப் புள்ளி போகாது, அதனால மனசில செஞ்சுட்டு விடைய மட்டும் எழுதிற கெட்டிக்காரத்தனம் வேணாம்.

6. அலகுப் பரிசோதனை: ஆளோட ஆள், ரூபாவோட ரூபா

ஒரு பஸ்ஸில 40 பேர். முழு டிக்கட் 120 ரூபா, அரை டிக்கட் 60 ரூபா. கொண்டக்டர் சேர்த்த காசு 4,140. எத்தின பேர் முழு டிக்கட்?

முழு டிக்கட் எடுத்தவங்கட எண்ணிக்கை ழ, அரை டிக்கட் எடுத்தவங்கட எண்ணிக்கை ண.

ழ + ண = 40 — ①
120ழ + 60ண = 4140 — ②

முதலாவது சமன்பாடு முழுக்க ஆள். ரெண்டாவது முழுக்க ரூபா. இதக் குழப்பி ழ + ண = 4140 எண்டு எழுதிறவங்க வருசா வருசம் இருக்காங்க. எழுதி முடிச்ச ஒவ்வொரு சமன்பாட்டையும் இப்பிடி வாசிச்சுப் பாருங்க: "ஆள் கூட்டல் ஆள் சமன் ரூபா". வாயால சொன்னா பிழை தானாக் காதில விழும், கண்ணால பாத்தா விழாது.

②ஐ 60 ஆல வகுத்தா 2ழ + ண = 69, அதிலருந்து ①ஐக் கழிச்சா ழ = 29, ண = 11. பெரிய எண்ணு வந்தா முதல்ல வகுக்க ஏலுமா எண்டு பாருங்க, கையால செய்யிற கணக்கில இது நேரத்தையும் மிச்சம் புடிக்கும், பிழையையும் குறைக்கும். அரிசி கலக்கிறது, 20 ரூபா நாணயமும் 10 ரூபா நாணயமும் உண்டியல்ல இருக்கிறது எல்லாம் இதே அச்சுத்தான், ஒரு சமன்பாடு எண்ணிக்கை, மத்தது பெறுமதி. அதுகளுக்குத் தனியா ஒண்டும் சொல்லத் தேவையில்ல.

7. "மடங்கு", "விட", "போல": எந்தப் பக்கம் பெருக்கிறது

"ஒரு பாடசாலையில பொம்புளப் புள்ளைகள் ஆம்புளப் புள்ளைகளப் போல 2 மடங்கு." பொம்புளப் புள்ளைகள்ட எண்ணிக்கை ழ, ஆம்புளப் புள்ளைகள்ட எண்ணிக்கை ண எண்டு வச்சா, பாதிப் பேர் எழுதிறது 2ழ = ண. ஏனெண்டா வசனத்தில பொம்புளப் புள்ளைகள் முதல்ல வருது, கூடவும் இருக்கு, அதனால 2ஐ அதுக்குப் பக்கத்தில ஒட்டுறாங்க. சரியானது ழ = 2ண.

இதுக்கு நான் சொல்லிக் குடுக்கிற வழி தமிழுக்குள்ளேயே இருக்கு. "விட", "போல" எண்ட சொல்லு எதோட ஒட்டி நிக்குதோ அதிலதான் பெருக்கல், கூட்டல், கழித்தல் எல்லாம் நடக்கும். "நாட்டரிசி சம்பாவ விட 40 ரூபா குறைய": "விட" சம்பாவோட ஒட்டியிருக்கு, அப்ப சம்பாவில 40ஐக் கழிங்க, வாறது நாட்டரிசி. "ஆம்புளப் புள்ளைகளப் போல 2 மடங்கு": "போல" ஆம்புளப் புள்ளைகளோட நிக்குது, அதைப் பெருக்குங்க. பேப்பர்ல எழுத்துத் தமிழ்ல "பெண்களின் எண்ணிக்கை ஆண்களின் எண்ணிக்கையின் இரு மடங்காகும்" எண்டு வரும், அப்ப "மடங்கு"க்கு ஒட்டி முன்னால நிக்கிறத பெருக்குங்க.

அப்பிடியும் சந்தேகமெண்டா ஒரு பொய் எண்ணு போட்டுப் பாருங்க. ஆம்புளப் புள்ளைகள் 10 எண்டா கதைப்படி பொம்புளப் புள்ளைகள் 20. 2ழ = ணவில போட்டா 40 = 10. சமன்பாடு தலைகீழ். பத்து செக்கன் வேலை.

8. தீர்க்கிறது

ரெண்டு வழி. ஒரு எழுத்திட குணகம் (எழுத்துக்கு முன்னால நிக்கிற எண்ணு) 1 ஆ இருந்தா, அல்லது ஏற்கனவே "ழ = ..." எண்டு தனிய நிண்டா பிரதியிடுங்க, அதாவது அந்த எழுத்துக்குப் பதிலா அதுக்குச் சமனானத மத்தச் சமன்பாட்டில போடுங்க. இல்லாட்டி ஒரு எழுத்திட குணகத்த ரெண்டிலயும் சமனாக்கி அந்த எழுத்த நீக்குங்க. எது லேசோ அது, ரெண்டுக்கும் ஒரே விடைதான் வரும்.

தயிர்க் கணக்கில ②இல ழவிட குணகம் 1, அதனால பிரதியிடவும் ஏலும், இஞ்ச நீக்கிக் காட்டுறன். ணவிட குணகம் 2, 4. ①ஐ 2 ஆல பெருக்கினா போதும்:

6ழ + 4ண = 5800 — ③
③ − ②: 5ழ = 3500, ழ = 700
②இல போட்டா 700 + 4ண = 2300, ண = 400

இஞ்ச ரெண்டு பிழை திரும்பத் திரும்ப வரும். ஒண்டு, 2 ஆல பெருக்கிற நேரம் இடப்பக்கத்த மட்டும் பெருக்கிட்டு 2900ஐ அப்பிடியே விடுறது. மத்தது, கழிக்கிற நேரம் முதல் உறுப்ப மட்டும் கழிச்சுட்டு மிச்சத்தக் கூட்டுறது. ரெண்டாவதுக்கு மருந்து, கழிக்கிற சமன்பாட்டிட ஒவ்வொரு குறியையும் பென்சிலால மாத்தி எழுதிட்டு மறுகா கூட்டுங்க. நீக்கப்போற எழுத்திட குறி ரெண்டு சமன்பாட்டிலயும் ஒரே மாதிரி இருந்தா கழி, வெவ்வேறயா இருந்தா கூட்டு, இத ஒரு கடதாசியில எழுதிக் கொப்பி மட்டையில ஒட்டி வச்சவங்க இருக்காங்க, நல்லதுதான்.

9. செக் பண்றது கதையில, சமன்பாட்டில இல்ல

விடைய ①இலயும் ②இலயும் போட்டுப் பாத்தா தீர்த்தது சரியா எண்டுதான் தெரியும். சமன்பாடே பிழையெண்டா அதுவும் சந்தோசமா ஒத்துவரும். அதனால கேள்விக்குத் திரும்பிப் போங்க: 3 பெரிய சட்டி 2,100, 2 சின்னச் சட்டி 800, மொத்தம் 2,900, ஓம். 1 பெரிய சட்டி 700, 4 சின்னது 1,600, மொத்தம் 2,300, ஓம்.

மறுகா அறிவுக்குப் பொருந்துதா எண்டு ஒருகா பாருங்க. பஸ்ஸில 28.5 பேர் இருக்க ஏலாது. சின்னச் சட்டி பெரிய சட்டிய விட விலை கூட வந்தா எங்கயோ எழுத்து மாறிப்போச்சு. கடைசியா படி 3இல வட்டம் போட்டதப் பாத்து அதுக்கு வசனமா விடை எழுதுங்க, அலகோட.

10. வயசுக் கணக்கு, முழுசா

5 வருசத்துக்கு முந்தி அப்பாட வயசு மகன்ட வயசப் போல 4 மடங்கு. இன்னும் 13 வருசத்தில 2 மடங்கா இருக்கும். இப்ப என்ன வயசு?

இந்தக் கணக்கில எழுத்த எப்பவும் *இப்பத்த* வயசுக்கு வைங்க. 5 வருசத்துக்கு முந்தின வயசுக்கு வச்சாலும் செய்யலாம், ஆனா 13 வருசத்துக்குப் பிறகு எண்டு வாற நேரம் 18ஐக் கூட்டணும், அங்க அயத்துப்போகும்.

சமன்பாடு எழுத முன்னம் ஒரு சின்ன அட்டவணை கீறுங்க. அப்பா: ழ − 5, ழ, ழ + 13. மகன்: ண − 5, ண, ண + 13. வருசம் ரெண்டு பேருக்கும்தான் போகுது, அப்பாவுக்கு மட்டும் 5ஐக் கழிச்சு மகன அப்பிடியே விடுறவங்களுக்கு இந்த அட்டவணை நல்ல மருந்து.

ழ − 5 = 4(ண − 5) — ①
ழ + 13 = 2(ண + 13) — ②

①: ழ = 4ண − 15. ②: ழ = 2ண + 13. ரெண்டும் ழ, அப்ப 4ண − 15 = 2ண + 13, 2ண = 28, ண = 14, ழ = 41. முந்தி 36உம் 9உம், 4 மடங்கு. பிறகு 54உம் 27உம், 2 மடங்கு.

அடைப்புக்குறி போடாம ழ − 5 = 4ண − 5 எண்டு எழுதினா என்ன நடக்கும்? ழ = 4ண ஆகும், மகன்ட வயசு 6.5 எண்டு வரும். வயசுக் கணக்கில அரை வந்தா முதல்ல அடைப்புக்குறியத் தேடுங்க.

11. வள்ளக் கணக்கு: நிமிசம் எண்ட பொறி

மாரியில முகத்துவாரம் வெட்டிவிட்டா வாவித் தண்ணி கடலுக்கு இழுக்கும் எண்டு எங்கட புள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்ல, அதனால நீரோட்டம் எண்டா என்ன எண்டு விளக்காம நேர கணக்குக்குப் போகலாம். ஒரு இயந்திர வள்ளம் இழுவையோட 12 கிலோமீற்றர் 40 நிமிசத்தில போகுது, திரும்பி இழுவைக்கு எதிரா வர 1 மணித்தியாலம். வள்ளத்திட வேகமும் தண்ணியிட வேகமும் என்ன?

நிலைத்தண்ணியில வள்ளத்திட வேகம் மணிக்கு ழ கிலோமீற்றர், இழுவையிட வேகம் மணிக்கு ண கிலோமீற்றர். போற நேரம் ழ + ண, வாற நேரம் ழ − ண. 40 நிமிசம் எண்டா மணித்தியாலத்தில மூண்டில ரெண்டு, 12ஐ அதால வகுத்தா 18.

ழ + ண = 18
ழ − ண = 12

கூட்டினா 2ழ = 30, ழ = 15, ண = 3.

40 நிமிசத்த 0.4 மணித்தியாலம் எண்டு எழுதினவங்களுக்கு 18க்குப் பதிலா 30 வரும், வள்ளம் 21, இழுவை 9 எண்டு முழு எண்ணா வடிவா வந்து நிக்கும், அதுதான் இந்தப் பிழையிட மோசம். விடை வடிவா வந்ததால சரியெண்டு நம்பிருவாங்க. 0.4 மணித்தியாலம் 24 நிமிசம்.

12. ஒரே விடை வராட்டி

சில நேரம் நீக்கப் போனா ரெண்டு எழுத்துமே போயிரும். 3 பெரிசு 2 சின்னது 2,900, 6 பெரிசு 4 சின்னது 5,800 எண்டு குடுத்தா 0 = 0 வரும். ரெண்டாவது ஆள் முதல் ஆள் வாங்கினதப் போல ரெண்டு மடங்கு வாங்கியிருக்கார், புதுசா ஒரு தகவலும் இல்ல. அதே சாமான் 5,600 எண்டா 0 = 200 வரும், அப்பிடி விலையே இருக்க ஏலாது, கடைக்காரர் 200 ரூபா குறைச்சுக் குடுத்திருந்தாலொழிய.

முன்கூட்டியே தெரிஞ்சுகொள்ள குணகத்தக் குறுக்கப் பெருக்குங்க: 3 × 4 = 12, 6 × 2 = 12. ரெண்டும் சமனெண்டா ஒரே விடை கிடைக்காது. பேப்பர்ல இப்பிடி வந்தா நீங்க கேள்விய மாறி எழுதியிருக்கீங்க எண்டுதான் முதல்ல சந்தேகப்படணும்.

13. பழகிறதுக்கு: கணக்கப் பின்னாலிருந்து கட்டுங்க

விடையத் தெரிவுசெஞ்சுட்டு கதையக் கட்டுறது. 700, 400 எண்டு மனசில வச்சுட்டு எத்தின சட்டி எண்டு நீங்களே முடிவெடுத்து மொத்தத்தக் கூட்டி எழுதுங்க, மறுகா பக்கத்தில இருக்கிறவருக்குக் குடுங்க. பத்து கணக்கு செய்யிறத விட மூண்டு கணக்கு கட்டினா கூட விளங்கும்.

போன மாசம் ஒரு பொடியன் விடைய வைக்காம நேரயே கதைய எழுதிட்டு வந்தான்: எங்கட வளவில ஆடும் கோழியும் சேர்த்து 20 தலை, 90 கால். பக்கத்தில இருந்த தங்கச்சி தீர்த்துட்டு என்னைக் கூப்பிட்டா, "சேர், 25 ஆடு, கோழி சய 5." இருபதும் ஆடா இருந்தாலும் 80 காலுக்கு மேல வராது எண்டு அவளே கண்டுபுடிச்சுச் சொன்னா. அவன் கொப்பிய வாங்கிக் கொஞ்ச நேரம் பாத்துட்டு 90ஐ அழிச்சு 54 எண்டு எழுதினான். 7 ஆடு, 13 கோழி.